பதிவேட்டில் இல்லாத ஏழாம் வகுப்புக்காரி

"…அப்பறம் திங்கக்கெழம ஆச்சுன்னா ஒரு மணி நேரம் வெயில்ல நின்னு கொடியேத்தறாங்க, பொதங்கெழம பூப்போட்ட சட்ட போடறாங்க, வெள்ளிக்கெழம சாரணர் சட்ட போடறாங்க, எல்லாஞ் சரிம்மா. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. நடுவால எப்பவாச்சும் படிப்பாங்களா, இல்லியா?"

எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் இப்படிக் கேட்டபோது அவர் கையில் இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு சிவப்பு அட்டை மதிப்பெண் புத்தகம் இருந்தது. பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. வார்த்தை ஒன்றுகூட இங்கிலீஷ் இல்லை. கல்யாண வீட்டில் தெரிந்த முகம் என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துவிட்டு, அப்புறம் யாரென்று தெரியாமல் விழிக்கிற ஆளின் முகம் எப்படியிருக்கும்? அப்படியிருந்தது அவர் முகம்.

அவருக்கு எதிரே நாங்கள் மூன்று பேர். எங்கள் மலையிலேயே வளப்பூர் நாட்டில் பிறந்து, நூல் மில் வேலைக்காரரைக் கட்டிக்கொண்டு ஜாவாவுக்குப் போய், ஏழு வருடம் கழித்துத் திரும்பி வந்திருந்த தாய் ஒருத்தி. அவளுடைய பன்னிரண்டு வயது மகள். மூன்றாவது ஆள் நான். சோளக்காட்டில் பஸ் நிற்கிற இடத்தில் எனக்கு ஜெராக்ஸ் கடை. யார் வந்து கேட்டாலும் மனு எழுதித் தருவேன். என் மகள் அந்தப் பள்ளியில் ஏழாவது படிக்கிறாள் என்பதால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் என்னைச் சேர்த்திருந்தார்கள். நடக்காத கூட்டம் நடந்ததாகக் கையெழுத்துப் போடுவது அந்தக் குழுவில் என் வேலை. மேலாண்மை என்றால் அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்த காரியம் எளிது. புருஷனுக்கு அங்கே வேலை தொடர்ந்தது, குடும்பத்துக்கு விசா தொடரவில்லை. ஜூன் கடைசியில் தாயும் மகளும் மட்டும் மலையேறி வந்துவிட்டார்கள். மகள் அங்கே ஆறாவது முடித்தவள். இங்கே ஏழாவதில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அறைக்குள் நுழைந்ததுமே காரியம் கொஞ்சம் கோணிவிட்டது. அந்தப் பெண் நேராகப் போய்த் தலைமையாசிரியரின் வலது கையை எடுத்து, குனிந்து, தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். அந்த ஊரில் காலையில் ஆசிரியர்கள் பள்ளி வாசலில் வரிசையாக நிற்பார்களாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு கையாக ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போகுமாம். இது எங்கள் சாருக்கு எப்படித் தெரியும்? கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அழுவாத சாமி, அழுவாத. இப்ப என்ன ஆயிப்போச்சு?"

அவள் அழவே இல்லை. அவர் மோதிரத்தில் மாட்டிக்கொண்ட தன் தலைமுடியை விடுவித்துக்கொண்டிருந்தாள்.

தாய்க்காரி விளக்கினாள். "ஆறு வருசம் முடிச்சா அங்க ஒரு பள்ளிக்கூடம் முடிஞ்சிருதுங்க சார். அப்பறம் மூணு வருசம் வேற பள்ளிக்கூடம். அதுக்கும் மேல மூணு வருசம் இன்னொண்ணு. செவப்புப் பாவாடைன்னா சின்னப் பள்ளிக்கூடம், நீலம்னா நடுப் பள்ளிக்கூடம், சாம்பல்னா பெரிய பள்ளிக்கூடம்."

"ஓகோ. பாவாடையப் பாத்தே படிப்பச் சொல்லீரலாமாட்ட இருக்குது. நாங்க இங்க மூஞ்சியப் பாத்துக் கண்டுபுடிக்கறதுக்குச் சீரழியறம்."

எங்கள் சார் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். கீழே ராசிபுரம் பக்கத்து ஆள். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. தினமும் முதல் பஸ்ஸில் எழுபது வளைவு ஏறி வந்து, சாயங்காலம் எழுபது வளைவு இறங்கிப் போவார். "நான் பாடம் நடத்துன நேரத்த உட வளைவுல திரும்புன நேரம் அதிகம்" என்று அவரே சொல்லுவார். பயப்படுவது காகிதத்துக்கு மட்டும்தான். மெமோ என்ற வார்த்தையைக் கேட்டால் இருபதாவது வளைவிலேயே இறங்கிக்கொள்ளக் கூடியவர்.

மதிப்பெண் புத்தகத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொன்னதும் அவர்தான். எங்கள் மலையில் இந்தோனேசிய மொழி யாருக்குத் தெரியும்? அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்த மதிப்பெண்ணை வாங்கிய ஆள்தான். ஆக முதல் நாள் சாயங்காலம் என் கடையில் உட்கார்ந்து அவள் வாசிக்க வாசிக்க நான் தட்டச்சு செய்தேன். தன் மார்க்கைத் தானே மொழிபெயர்க்கிற வாய்ப்பு எனக்கு எட்டாவதில் கிடைத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். அந்தப் பெண்ணுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

"கணக்கு எழுவத்தாறு. அவசரப்பட்டுத் தப்பு செய்யறா" என்று வாசித்தாள்.

"எழுவத்தாறு போதும் கண்ணு, அவசரத்த உடு" என்றாள் தாய்.

"அப்பறம் வகுப்பு டீச்சர் எழுதியிருக்காங்க. நல்ல புள்ள. ஆனா பாடம் நடக்கறப்ப பக்கத்துல இருக்கறவங்களோட ரொம்பப் பேசறா."

"ஏன் கண்ணு, அந்த வரிய யாராச்சும் கேட்டாங்களா? தாண்டிப் போ."

"தாண்டுனா பொய் ஆயிரும்மா."

தாய் என்னைப் பார்த்தாள். "பாருங்கக்கா, இதுக்குத்தான் அங்க ஒழுக்கத்துக்குத் தனியா மார்க்குப் போடறாங்க. இத வெச்சுட்டு நம்ம ஊர்ல எப்பிடிப் பொழைக்கறது?"

நான் அந்த வரியையும் தட்டச்சு செய்தேன். அடியில் என் கடையின் வட்ட முத்திரையைக் குத்தினேன். மறுநாள் தலைமையாசிரியர் எழுத்தைப் பார்க்கும் முன்னால் முத்திரையைத்தான் பார்த்தார். வட்டமாக இருந்ததால் திருப்தியாகத் தலையசைத்தார்.

அப்புறம்தான் வாசித்தார்.

"எல்லாம் எழுவத்தஞ்சுக்கு மேல இருக்குதே, எப்பிடி?"

"எழுவத்தஞ்சுக்குக் கீழ வந்தா மறுபடியும் பரீட்ச வெப்பாங்க சார்" என்றாள் பெண். "அதுலயும் வரலீன்னா மறுபடியும்."

"வர்ற வரைக்கும்?"

"ஆமாங்க."

"நாங்க பரீட்சையே இல்லாம எட்டாவது வரைக்கும் ஏத்தி உட்டறம். நீங்க பரீட்ச வெச்சு வெச்சு ஏத்தறீங்க. வேல கூட, வேற ஒண்ணுமில்ல." விரல் ஒரு வரியில் நின்றது. "இதென்னது? இந்து சமயம், எம்பத்தெட்டு. சாமி கும்புடறதுக்கு மார்க்கா?"

அந்த ஊரில் அவரவர் மதம் ஒரு கட்டாயப் பாடம். பள்ளியில் இந்து சமயத்துக்கு வாத்தியார் இல்லாததால், ஞாயிற்றுக்கிழமைதோறும் பாலித் தீவுக்காரர்கள் கட்டியிருந்த கோயிலுக்குப் போய்ப் படித்து, அங்கே கொடுத்த மார்க்கைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்களாம். இதையெல்லாம் தாய் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அந்த மீதிப் பன்னெண்டு மார்க்கு எந்தச் சாமிக்குக் கும்புடாம உட்டது?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். நாங்களும் சிரித்தோம். சேர்க்கைக்குப் போனவர்கள் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

சிரிப்பு அடங்கியதும் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "இதப் படி சாமி."

அவள் படத்தைப் பார்த்தாள். மயில் என்றாள். மயிலுக்குக் கீழே எழுதியிருந்ததைப் பார்த்தாள். மறுபடியும் படத்துக்கே போனாள். பேச்சு அத்தனையும் வளப்பூர் நாட்டுப் பேச்சு. வாய் திறந்தால் இந்த ஊர்ப் பெண்ணில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது.

"அப்ப மூணாவதுல உக்காரட்டும்" என்று புத்தகத்தை மூடினார் சார்.

தாயின் முகம் போன போக்கு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "சார், அவ எங்கூட நின்னா எந்தோளுக்கு வாராளுங்க. மூணாவது பெஞ்சுல அவ காலு எங்கீங்க போகும்? நாலு வருசமுங்க சார். ஆறு முடிச்சுட்டு வந்த புள்ள நாலு வருசம் பின்னால போயி உக்காந்தா, அப்பறம் பள்ளிக்கூடத்துக்கே போவ மாட்டேன்னுருவா."

நான் எனக்குத் தெரிந்த சட்டத்தை எடுத்தேன். "வயசுக்கேத்த வகுப்புலதான் சேக்கணும்னு சட்டம் இருக்குதுங்களே சார். தெரியாதத தனியாச் சொல்லிக் குடுக்கோணும்னும் இருக்குதுங்க."

"சட்டம் கீழ நாமக்கல்லுல இருக்குதும்மா. மேல நாந்தான் இருக்கறேன்."

இந்தப் பதிலை நான் கடையில் சொன்னபோது, மிளகு மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா சொன்னாள்: "எழுவது வளைவு ஏறி வாரதுக்குள்ள சட்டத்துக்கே வாந்தி வந்துருங் கண்ணு. மேல வந்து சேர்றப்ப அதுக்குப் பேச எங்க தெம்பு?"

சாருக்கு உண்மையான பயம் வேறு. வாசிப்பு ஆய்வு என்று ஒன்று வரும். கீழேயிருந்து அதிகாரி வந்து, எந்த வகுப்பிலும் எந்தப் பிள்ளையையும் எழுப்பிப் படிக்கச் சொல்லுவார். ஏழாவதில் உட்கார்ந்திருக்கிற பெண் மயிலுக்குக் கீழே இருப்பதைப் படிக்காவிட்டால் மெமோ பெண்ணுக்கு வராது.

கடைசியில் ஒரு உடன்பாடு ஆனது. அவள் ஏழாவதில் உட்காரலாம். பதிவேட்டில் பெயர் ஏறாது. ஆய்வு நடக்கிற அன்றைக்கு வீட்டில் இருந்துகொள்ள வேண்டும். காலாண்டுக்குள் தமிழ் வாசிக்க வந்தால் பெயர் ஏழாவதில் ஏறும், வராவிட்டால் மூன்றாவதில். தாய் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். சட்டம் பேசிய அதே தலைதான். ஆய்வு நாளில் படிக்காத பிள்ளைகளை வீட்டில் நிறுத்துவது எங்களுக்குப் புதிதும் இல்லை. விருந்தாள் வரும்போது கிழிந்த பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் வைப்பது போல, எல்லா ஊரிலும் செய்கிறதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பெயரில்லாத பிள்ளைக்குப் புத்தகம் கிடையாது. சத்துணவில் முட்டையும் கிடையாது. முட்டை பெயருக்குத்தான் வருகிறது, வயிற்றுக்கு வருவதில்லை. என் மகள் தன் முட்டையில் பாதியைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஜாவாக் கதைகளை வாங்கிக்கொண்டு வந்தாள். தினமும் சாயங்காலம் எனக்கு அதுதான் செய்தி.

திங்கட்கிழமைக் கொடியேற்றத்தில் எல்லாவற்றையும் பிள்ளைகளே நடத்துவார்களாம். ஒருத்தி ஆணையிடுவாள், மூன்று பேர் கொடியேற்றுவார்கள், ஒருத்தன் நாட்டின் ஐந்து கொள்கைகளை வாசிக்க, எல்லோரும் திருப்பிச் சொல்லுவார்கள். வெயிலில் இரண்டு பேராவது மயங்கி விழுவார்கள். தூக்கிக்கொண்டு போவதற்கென்றே தனியாகப் பிள்ளைகள் நிற்பார்கள்.

"உழுவறதுக்கும் தனியா ஆளு போட்ருக்காங்களா?" என்று வகுப்புப் பையன் ஒருவன் கேட்டானாம். "அந்த வேல எனக்குக் குடுத்தா நான் ஜாவாவுக்கே போயிருவேன்."

பள்ளி வாசலில் தள்ளுவண்டியில் மரவள்ளி மாவு உருண்டையைக் குச்சியில் குத்தி, கடலைச் சாந்து ஊற்றி விற்பார்கள் என்று அவள் சொன்னதை மட்டும் யாரும் நம்பவில்லை. தோண்டித் தோண்டி, லாரியில் ஏற்றி ஏற்றி எங்கள் பிள்ளைகளுக்குக் கிழங்கைக் கண்டாலே ஆகாது. "நம்ம கெழங்கு அங்க போயிக் குச்சியில ஏறி ஒய்யாரமா நிக்குதாக்கும்" என்றாளாம் என் மகள்.

மதிப்பெண் புத்தகத்தைப் பெற்றோர் நேரில் போய் உட்கார்ந்து, ஆசிரியர் சொல்வதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற செய்தி வந்த அன்று வகுப்பே அந்த நாட்டின் மேல் வைத்திருந்த மரியாதையை வாபஸ் வாங்கிக்கொண்டது.

இரண்டாவது வாரம் விளக்குமாறு வந்தது. அங்கே ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். எந்தக் கிழமை யார் வகுப்பைக் கூட்ட வேண்டும், யார் பலகையைத் துடைக்க வேண்டும் என்று. முறைக்காரர்கள் மற்றவர்களுக்கு முன்னால் வந்துவிட வேண்டும். அதற்கு 'பிக்கெட்' என்று பெயர். நம் பெண், கேட்பாரில்லாமல், ஒரு நாள் காலையில் தானாகவே வகுப்பைக் கூட்டத் தொடங்கிவிட்டாள். பஸ்ஸை விட்டு இறங்கி வந்த சார் பார்த்துவிட்டார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. அன்று ஓடினார் என்று என் மகள் சொன்னாள்.

"கீழ போடு, கீழ போடு! யாராச்சும் வீடியோ எடுத்தாங்களா? ஜன்னல்ல யாரு? போனு வெச்சிருக்கறீங்களா?"

அவர் பயத்தில் நியாயம் உண்டு. பிள்ளைகள் கையில் விளக்குமாறு இருக்கிற படம் போனில் சுற்றினால் வாத்தியார் வேலை அன்றைக்கே ஆட்டம் காணும். அதற்குப் பின்னால் இன்னொரு நியாயமும் உண்டு. சேதி கேட்டு வந்த ஒரு தகப்பன் வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"மலப் புள்ளைங்கன்னா வெளக்குமாத்தக் கையில குடுத்துருவீங்களா? உங்க புள்ளைங்க கீழ படிக்குதுல்ல, அங்க கூட்டுதா? வாத்தியாரு கூட்டட்டும், அப்பறம் எம்மவனும் கூட்டறான்!"

இதே தகப்பனின் மகன் விடியற்காலையில் இரண்டு குடம் தண்ணீர் தூக்கிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறான். அதனால் என்ன? அது அவன் வீட்டுக் குடம்.  அந்தத் தகப்பன் கேட்டதற்கு அந்தப் பெண்தான் சாதாரணமாகச் சொன்னாளாம், "அங்க தலைமையாசிரியர் பொண்ணும் எங்க வகுப்புத்தான். அவளுக்கு வியாழக்கெழம."

பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கூட்டுவதில் ஆசை ஒன்றும் இல்லை. ஒரு பட்டியலில் வாத்தியார் பெயரையும் எழுதலாம் என்கிற ஆசைதான். அந்தத் தகப்பன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஜாவாக்காரர்களுக்கே தோன்றாத ஒரு திருத்தம் செய்தார்கள்: பட்டியலில் ஆசிரியர்களையும் சேர்ப்பது. எழுதுகிற வேலையை அந்தப் பெண்ணிடமே கொடுத்தார்கள்.

தமிழ் எழுத்து தெரியாதவளிடம். அதனால்தான் தினமும் சாயங்காலம் அவளும் என் மகளும் என் கடைக்கு வந்தார்கள். வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாள்களின் பின்பக்கம் என் மகள் ஒரு பெயரை எழுதுவாள், இவள் பத்து முறை எழுதுவாள். வகுப்பில் இருபத்து மூன்று பேர். ஒரு பெயரில் தெரியாத எழுத்து இரண்டு இருந்தால் அன்றைக்கு இரண்டு எழுத்து. புத்தகத்தில் இருக்கிற மயில் அவளுக்கு யாரோ. இந்தப் பெயர்களெல்லாம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அவள் காலை மிதிக்கிறவர்கள். ஆகஸ்ட் பாதியில் பெயர்கள் தீர்ந்தன. அப்புறம் கிழமைகள். கடைசியாக ஒரு பெரிய வார்த்தை. அதற்கு மட்டும் மூன்று சாயங்காலம் பிடித்தது.

காலண்டர் அட்டையில் கலர் பேனாவில் எழுதி ஏழாம் வகுப்பின் பின்சுவரில் ஒட்டினார்கள். சார் வாசலில் நின்று பார்த்தார்.

"சார்ட்டா? நல்லாருக்குது, நல்லாருக்குது. ஆய்வுக்கு வர்றவங்க சொவத்துல சார்ட்டு இருக்குதான்னுதான் மொதல்ல பாப்பாங்க."

இருக்கிறதா என்பதுதான் கேள்வி. என்ன எழுதியிருக்கிறது என்று அவரும் படிக்கவில்லை. பிள்ளைகள் அவர் பஸ் வருவதற்குள் கூட்டி முடித்துவிடுவார்கள். வகுப்பு சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, வாரம் மூன்று நாள் வருகிற துப்புரவு அம்மாவை அவர் பாராட்டினார். அந்த அம்மாவும் மறுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை சார் என் கடைக்கு வந்து, பஸ் புறப்படுகிற அவசரத்தில் சொன்னார். "ஆய்வு பொதங்கெழம. குழுக் கையெழுத்துக்கு நீ வந்துரும்மா. அந்தப் பொண்ணு… ஞாபகமிருக்குதல்ல? ஊட்லயே இருக்கட்டும்."

நான் தாயிடம் சொன்னேன். தாய் மகளிடம் சொன்னாள். "ஒரு நாளு காச்சல்னு இருந்துக்க கண்ணு."

"எனக்குக் காச்சல் இல்லியே."

"இல்லீன்னா என்ன? லீவுன்னு இரு."

"லீவு கேட்டு எழுதிக் குடுக்கலியே." அந்த ஊர் மதிப்பெண் புத்தகத்தில் வராத நாட்களுக்கு மூன்று கட்டம் உண்டு: உடம்பு சரியில்லாதது, சொல்லிவிட்டு நின்றது, சொல்லாமல் நின்றது. மூன்றாவது கட்டத்தில் அவளுக்கு ஆறு வருடமாகச் சுழியம்தான்.

தாய் அதட்டினாள். மகள் பேசாமல் இருந்தாள். சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு புதன்கிழமை காலையில் தாய் மரவள்ளிக் காட்டுக்குக் களை வெட்டப் போய்விட்டாள்.

அன்று சோளக்காட்டிலிருந்து சாரும் நானும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அதிகாரி பத்து மணிக்கு வருவார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். இறங்கிப் பார்த்தால் பள்ளி முன்னால் ஜீப் நிற்கிறது.

ஏழாம் வகுப்பு வாசலில் அதிகாரி அம்மா நின்றிருந்தார். தன் வலது கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அந்தப் பெண் இடது கையில் விளக்குமாற்றோடு நின்றாள். கையை நெற்றியில் ஒற்றி முடித்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

"சார், யாரு இந்தப் பொண்ணு? உங்க ஸ்டூடண்ட்டா?"

எங்கள் சாரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஆமாம் என்றால், மாணவி கையில் விளக்குமாறு, பதிவேட்டில் பெயர் இல்லை, படிக்கவும் தெரியாது. இல்லை என்றால், யாரோ ஒரு குழந்தை காலையில் வந்து அரசுப் பள்ளியைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் மெமோ.

"அது வந்துங்க மேடம்…"

"நான் ஏழாவதுங்க" என்றாள் பெண்.

அதிகாரியின் கண் பின்சுவருக்குப் போனது. "அது என்ன சார்ட்டு?"

சாருக்கு மூச்சு வந்தது. சார்ட்டு அவருக்குத் தெரிந்த துறை. "வாசிப்புப் பயிற்சி சார்ட்டுங்க மேடம். எல்லா வகுப்புலயும் வெச்சிருக்கறமுங்க."

"அப்படியா? எங்கே, நீ வாசி பார்க்கலாம்."

சார் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, சார்ட்டுக்குக் கிட்டே போய், விரலை வைத்து வாசித்தாள். "தி-ங்-கள்." அப்புறம் நான்கு பெயர். "செ-வ்-வாய்." அப்புறம் ஐந்து பெயர். மெதுவாகத்தான் வாசித்தாள். ஒரு பையனின் பெயரில் ழகரம் வந்தபோது நின்று, ஜன்னல் பக்கம் திரும்பி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சரியாகச் சொன்னாள். பஸ்ஸிலும் நடந்தும் வந்து சேர்ந்த பிள்ளைகளெல்லாம் ஜன்னலில் அடைந்திருந்தார்கள். சார் ஒரு கண்ணைத் திறந்தார். அப்புறம் இன்னொரு கண்ணையும் திறந்தார். அவள் வாசிக்கிறாள் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. என்னாலும்தான். கடையில் அவள் தாளைப் பார்த்து எழுதியதை அறிவேனே தவிர, ஒட்டியிருப்பதை இப்படி வாசிப்பாள் என்று நினைக்கவில்லை.

"பு-தன்." என் மகளின் பெயர். அவளுடைய சொந்தப் பெயர். இன்னும் இரண்டு பேர். அதற்குப் பிறகு, "த-லை-மை-யா-சி-ரி-யர்."

ஜன்னலில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். மற்றவர்கள் அவன் வாயைப் பொத்தினார்கள்.

அதிகாரி சார்ட்டையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இது கூட்டற முறைப் பட்டியல் மாதிரி இருக்கே. இன்னைக்குப் புதன்தானே?"

முப்பது வருட அனுபவம் என்பது சும்மா இல்லை என்று அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு எச்சில் விழுங்குகிற நேரம்தான் எடுத்துக்கொண்டார்.

"ஆமாங்க மேடம். எம் மொறைங்க. அதான் மொத பஸ்ஸுக்கே வந்தனுங்க. இது நம்ம பள்ளியோட தனி முயற்சிங்க. இந்தோனேசியா முறை. அங்கெல்லாம் பாருங்க மேடம், புள்ளைங்களே கொடியேத்தறாங்க, புள்ளைங்களே கூட்டறாங்க, ஒழுக்கத்துக்குன்னே தனியா மார்க்கு. பாவாடையப் பாத்தே படிப்பச் சொல்லீரலாம்ங்க, அவ்வளவு ஒழுங்கு. அந்தப் பாடத்திட்டத்த நேர்ல படிச்ச ஒரு மாணவிய வெச்சு இங்க நடைமுறப்படுத்தீட்டு இருக்கறமுங்க."

ஜூலையில் இதே வாயில் இதே சங்கதிகள் என்னவாக இருந்தன என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

அதிகாரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. போனை எடுத்தார். "நல்லா இருக்கு சார். ஒரு போட்டோ எடுத்து குரூப்புல போடலாம். ஆனா புள்ளைங்க கையில விளக்குமாறு வேண்டாம், வம்பு. சார் மட்டும் பிடிங்க. புள்ளைங்க பக்கத்துல நின்னு கை தட்டட்டும்."

எங்கள் சார் விளக்குமாற்றை வாங்கினார். பாம்பு பிடிக்கிறவர் பிடிப்பது போலத் தலைப்பக்கமாகப் பிடித்தார். "அப்பிடியில்லீங்க சார், இப்பிடி" என்று அந்தப் பெண் திருப்பிக் கொடுத்தாள். அவர் ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையைக் குனிந்து கூட்டினார். இருபத்து நான்கு பிள்ளைகளும் கை தட்டினார்கள். இவ்வளவு மனசாரத் தட்டிய கைதட்டலை நான் எந்த ஆண்டு விழாவிலும் கேட்டதில்லை.

"போட்டோவுக்குக் கீழ எழுதணும்" என்றார் அதிகாரி. "இந்தப் பொண்ணு ரெஜிஸ்டர்ல எத்தனாவது நம்பர் சார்?"

"இருவத்தி நாலுங்க மேடம்" என்றார் சார், கொஞ்சமும் தயங்காமல்.

"ரெஜிஸ்டரைக் கொண்டு வாங்க, ஒரு தடவை பார்த்துடறேன்."

"இதோ எடுத்துட்டு வாரேனுங்க மேடம். நீங்க அதுக்குள்ள ஆறாவது சார்ட்டப் பாருங்க."

விளக்குமாற்றை என் மகள் கையில் திணித்துவிட்டு அலுவலக அறைக்கு நடந்தார். குழுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட நானும் பின்னாலேயே போனேன். அவர் உட்காரவில்லை. பீரோவைத் திறந்து ஏழாம் வகுப்புப் பதிவேட்டை எடுத்து, நின்றபடியே மேஜையில் விரித்தார். பெண்கள் பட்டியலின் அடியில், இருபத்து மூன்றாவது பெயருக்குக் கீழே, இருபத்து நான்கு என்று போட்டு அந்தப் பெண்ணின் பெயரை முழுசாக, இனிஷியலோடு, அழகான கையெழுத்தில் எழுதினார். அப்புறம் ஜூன் மாதப் பக்கத்துக்குத் திருப்பி அங்கேயும் எழுதி, பள்ளி திறந்த முதல் நாளிலிருந்து வரிசையாக வருகை போட ஆரம்பித்தார். அவள் ஜாவாவில் உட்கார்ந்து பரீட்சை எழுதிய நாட்களுக்கும், வானத்தில் பறந்துகொண்டிருந்த நாளுக்கும், கை வேகத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டு, மை காய்வதற்காகப் பதிவேட்டை ஃபேனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.